சீன அரசவைப் பட்டு அங்கியைப் பார்த்து அறிவது எப்படி?

அருங்காட்சியகத்தில் பழைய சீன அங்கி ஒன்றின் முன் நிற்பவர்கள் பெரும்பாலும் முதலில் டிராகனின் நகங்களைத்தான் எண்ணுகிறார்கள். ஐந்து நகம் என்றால் பேரரசருடையது, நான்கு என்றால் அதிகாரியுடையது என்று எங்கோ படித்திருப்பார்கள். அப்படி ஒரு விதி ஏட்டில் இருந்தது உண்மைதான். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதைப் பெரிதாக யாரும் மதிக்கவில்லை. காசும் செல்வாக்கும் இருந்தவர்கள் ஐந்து நகத்தையே தைத்துக்கொண்டார்கள். நகத்தை மட்டும் நம்பினால், எங்கோ ஒரு மாகாணத்து அதிகாரியின் அங்கி உங்கள் கண்ணுக்குப் பேரரசரின் அங்கியாகிவிடும். விற்பவர்களுக்கு இந்த நம்பிக்கை ரொம்ப வசதி.

அதனால் இங்கே வரிசையை மாற்றியிருக்கிறேன். முதலில் துணி வெட்டப்பட்ட விதம், பிறகு நிறம், பிறகு டிராகன்கள், கீழ்விளிம்பு. சின்னங்கள் அதற்கு அப்புறம்தான். சின்னத்தை யார் வேண்டுமானாலும் எந்தத் துணியிலும் தைத்துவிடலாம். வெட்டும் நூலும் அவ்வளவு சுலபத்தில் பொய் சொல்லாது.

இங்கே பேசுவது மஞ்சு இனத்தவர் ஆண்ட சிங் வம்சத்தின் உடைகளைப் பற்றி. 1644 முதல் 1912 வரையிலான காலம். அருங்காட்சியகங்களிலும் ஏலங்களிலும் கண்ணில் படுவதில் பெரும்பகுதி இதுதான், அதிலும் 19ஆம் நூற்றாண்டுச் சரக்குதான் அதிகம்.

படி 1: இது எந்த உடை?

"டிராகன் அங்கி" என்ற ஒரே பெயரில் பல உடைகள் உலவுகின்றன. மிக உயர்ந்தது சாவ்ஃபூ. அரியணை ஏற்பு, புத்தாண்டு, பெரும் வேள்விகள் போன்ற சடங்குகளுக்கானது. மேலே சட்டை, கீழே மடிப்பு மடிப்பாகப் பாவாடை, தோளில் இறக்கை போல விரியும் தனிக் கழுத்துப்பட்டை. இடுப்பில் மடிப்பு தெரிந்தால் அது சாவ்ஃபூ. இவை மிஞ்சியிருப்பது குறைவு.

அதிகம் பார்க்கக் கிடைப்பது ஜிஃபூ என்ற விழாக்கால உடை. கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே நீளமாக இறங்கும். டிராகன் தைத்த ஜிஃபூவுக்கு லோங்பாவ் என்று பெயர். நான்கு நகக்காரருக்குரியது மாங்பாவ். 'மாங்' என்பது மலைப்பாம்பைக் குறிக்கும் சொல், ஆனால் உருவத்தில் டிராகனுக்கும் அதற்கும் நகத்தைத் தவிர வேறுபாடு கிடையாது.

இன்னொன்று பூஃபூ. கருநீலத்தில், முன்பக்கம் திறந்து, பதவியைக் காட்டும் சதுரத்தைத் தவிர வேறு அலங்காரம் இல்லாமல் இருக்கும் மேலங்கி. இதை ஜிஃபூவின் மேல் போட்டுக்கொள்வார்கள். அதாவது, நாம் வாய்பிளந்து பார்க்கும் தங்க டிராகன்களில் பெரும்பகுதி அரசவையில் யார் கண்ணிலும் படவில்லை. மேலங்கியின் கீழே அலைவிளிம்பும் கைமுனையும் மட்டுமே எட்டிப் பார்த்திருக்கும்.

படி 2: வெட்டைப் பாருங்கள்

இந்த உடையை உண்மையில் புரியவைப்பது வெட்டுதான். மஞ்சுக்கள் குதிரைவீரர்கள். அவர்களுக்கு முன் ஆண்ட மிங் அரசவை அகன்று தொங்கும் கைகளும் தளர்ந்த அங்கிகளும் கொண்டது. அந்த உடைக்கு மாறினால் வில்லைப் பிடிக்க மறந்துபோவோம் என்று மஞ்சு அரசர் ஹோங் தாய்ஜி 1636இலேயே தன் பிரபுக்களை எச்சரித்தார். நூறாண்டுக்கும் மேல் கழித்து, சியென்லோங் பேரரசரும் அதே கவலையோடு உடைவிதிகளை எழுதவைத்தார். படங்களோடு கூடிய அந்த விதித்தொகுப்பு 1759இல் முடிந்து, 1766இல் திருத்தத்தோடு அச்சானது. யார் எதை, எந்த நாளில், எந்த நிறத்தில் உடுத்தலாம் என்பது அதில் வரி வரியாக இருக்கிறது. ஆக, சீனப் பேரரசின் பழைய சின்னங்களை மஞ்சு வெட்டின் மேல் ஏற்றியதுதான் இந்த உடை.

பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று.

கைமுனை. குதிரைக் குளம்பின் வடிவில், புறங்கையை மூடுமாறு வளைந்து நீண்டிருக்க வேண்டும். குளிரில் குதிரையின் கடிவாளம் பிடித்த கையைக் காக்க வந்த வடிவம் இது. அரசவையில் மடித்து வைத்திருப்பார்கள், மண்டியிடும் முன் உதறி இறக்குவார்கள். கைமுனைக்கும் அங்கிக்கும் நடுவே பூவேலை இல்லாத, வரிவரியான கருநிறத் துணி இணைந்திருக்கும். அகன்ற, நேராக வெட்டிய கை என்றால் அது வேறு உடை, அல்லது பிற்காலத்தில் மாற்றித் தைத்தது.

பொத்தான். இடது பக்கத் துணி வலது பக்கத்தின் மேல் வந்து, அணிபவரின் வலப்பக்கம் வளையமும் குமிழும் கொண்டு மூடும். அடியில் ஓர் உள்மடிப்பு இருக்கும். அதைத் தூக்கிப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள், காரணம் பின்னால் வருகிறது.

கீழ்ப்பிளவு. விதிப்படி பேரரசருக்கும் அவர் குலத்து ஆண்களுக்கும் நான்கு பிளவு: முன், பின், இரு பக்கம். மற்ற அதிகாரிகளுக்கு முன்னும் பின்னும் மட்டும், குதிரையேற அது போதும். பெண்களின் டிராகன் அங்கியில் பிளவு இரு பக்கங்களில் இருக்கும். அவர்களுடையதில் முழங்கையருகே கூடுதலாக ஒரு பூவேலைப் பட்டையும் உண்டு. ஆண் உடையா பெண் உடையா என்ற கேள்விக்கு நகமோ டிராகனோ பதில் சொல்லாது, பிளவும் கைப்பட்டையும் சொல்லிவிடும்.

படி 3: நிறம்

மஞ்சள் என்றதும் பேரரசர் என்று முடிவுகட்ட வேண்டாம். மஞ்சளிலேயே படிகள் உண்டு. பளிச்சென்ற தூய மஞ்சள் பேரரசருக்கும், பேரரசிக்கும், அன்னைப் பேரரசிக்கும், பட்டத்துக்கு அடுத்த நிலையிலிருந்த முதல் துணைவிக்கும் உரியது. ஆப்ரிகாட் பழம் போன்ற செம்மஞ்சள் பட்டத்து இளவரசருக்கு. பொன்மஞ்சள் பேரரசரின் மற்ற மகன்களுக்கு. அதிகாரிகளுக்கு நீலமும் ஏறக்குறைய கறுப்பான கருநீலமும்.

பேரரசரும் எப்போதும் மஞ்சளில் இல்லை. விண்ணுக்கான வேள்வியில் நீலம், மண்ணுக்கு மஞ்சள், சூரியனுக்குச் சிவப்பு, நிலவுக்கு வெளிர்நீலம் என்று சாவ்ஃபூவின் நிறம் மாறும்.

நூறாண்டு வெளிச்சத்தில் பட்டு வெளுத்துப்போகும். உண்மை நிறத்தை வெளிப்புறத்தில் தேடாமல், தையல் மடிப்புக்குள்ளும், நான் சொன்ன அந்த உள்மடிப்பிலும் தேடுங்கள்.

படி 4: டிராகன்களை எண்ணுவது

இப்போது எண்ணலாம், நகத்தை இல்லை, டிராகனை. மார்பில் ஒன்று, முதுகில் ஒன்று, தோள்களில் இரண்டு, கீழே முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு. எட்டுத்தான் வருகிறது. ஒன்பதாவது உள்மடிப்பில் ஒளிந்திருக்கிறது. முன்னாலிருந்து பார்த்தாலும் பின்னாலிருந்து பார்த்தாலும், தோளில் இருப்பதையும் சேர்த்து ஐந்து தெரியும். ஒன்பதும் ஐந்தும் பேரரசருக்குரிய எண்கள் என்பதால், இரண்டும் ஒரே உடையில் அமையும்படி செய்த கணக்கு இது. கண்காட்சிக் கண்ணாடிக்குப் பின்னால் ஒன்பதாவது டிராகனைப் பார்க்கவே முடியாது. வாங்கும் எண்ணத்தோடு ஒரு படத்தைப் பார்க்கிறீர்கள் என்றால், உள்மடிப்பின் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

விதிப்படி மூன்றாம் நிலை வரையுள்ள அதிகாரிகளுக்கு ஒன்பது, நான்கு முதல் ஆறாம் நிலை வரை எட்டு, அதற்குக் கீழ் ஐந்து. எல்லாம் நான்கு நகம். ஐந்து நகம் போட்ட பட்டைப் பேரரசர் பரிசாகக் கொடுத்தால், பெற்றவர் ஒரு நகத்தின் தையலைப் பிரித்துவிட்டு அணிந்ததும் உண்டு. அப்படிப் பிரித்த இடத்தில் ஊசித் துளைகள் இன்றும் தெரியும் அங்கிகள் இருக்கின்றன. எனக்கு ஒன்பது டிராகனைவிட அந்தத் துளைகள்தான் சுவாரசியம்.

டிராகன் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் முக்கியம். முகம் நேராக நம்மைப் பார்த்தால் மதிப்பு கூடுதல். மார்பு, முதுகு, தோள் டிராகன்கள் நேர்முகமாகவும், கீழுள்ளவை பக்கவாட்டில் நகர்வனவாகவும் இருப்பது வழக்கம். அவற்றின் முன் சுடர்விடும் முத்து ஒன்று மிதக்கும்.

படி 5: அலையும் பாறையும்

காலத்தைக் கணிக்கச் சுலபமான இடம் கீழ்விளிம்பு. அடியில் சாய்ந்த வண்ணக் கோடுகள் நிற்கும் நீரைக் காட்டுகின்றன. அதன் மேல் சுருண்டு எழும் அலைகள். முன், பின், இரு பக்கம் என நான்கு திசையிலும் அலையைக் கிழித்துக்கொண்டு பாறைமலை. 18ஆம் நூற்றாண்டு அங்கியில் கோடுகள் குட்டையாக, அலைகள் பெரிதாக இருக்கும். 19ஆம் நூற்றாண்டு நகர நகரக் கோடுகள் வளர்ந்து அங்கியின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். நேர்க்கோடுகள் நெளிகோடுகளாக மாறுவதும் கடைசிக் கட்டத்தில்தான்.

டிராகன்களும் இப்படியே சுருங்கின. பழையதில் டிராகன் பெரிது, சுற்றி இடம் அதிகம். பிந்தையதில் டிராகன் சிறிது, இடைவெளி முழுக்க மேகமும் வௌவாலும் பூவும் நெருக்கியடிக்கும். நெரிசல் கூடக் கூட வயது குறைவு என்று தோராயமாக எடுத்துக்கொள்ளலாம்.

இந்த அமைப்பு முழுவதும் சேர்ந்து ஓர் உலகப்படம். அடியில் கடல், நடுவில் மலை, மேலே மேகமும் டிராகனும் நிறைந்த வானம். கழுத்துத் திறப்பு வானத்தின் வாசல். அங்கி தனியாகத் தொங்கும்போது அந்த இடம் காலியாகக் கிடக்கும், அணிபவரின் தலை அங்கே வந்தால்தான் படம் முழுமையடையும்.

படி 6: பன்னிரண்டு சின்னங்கள்

பேரரசருக்கு மட்டும் உரியவை என்று விதிநூல் சொல்வது இவற்றைத்தான். அளவில் சிறியவை, டிராகன்களுக்கு நடுவே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கழுத்திலிருந்து மூன்று வளையங்களாகத் தேடினால் எளிது.

கழுத்தைச் சுற்றி நான்கு. அணிபவரின் இடத்தோளில் சூரியன், அதற்குள் மூன்று காலுள்ள பறவை. வலத்தோளில் நிலா, அதற்குள் அமுத மருந்தை உரலில் இடிக்கும் முயல். மார்பின் மேல் கோட்டால் இணைத்த மூன்று விண்மீன்கள். முதுகின் மேல் மலை.

இடுப்பளவில் நான்கு. முன்பக்கம் ஒரு கோடரியும், முதுகோடு முதுகாக நிற்கும் இரண்டு எழுத்து போன்ற ஒரு வடிவமும். கோடரி தண்டிக்கும் அதிகாரம். மற்றது நன்மை தீமையைப் பிரித்தறியும் திறன். பின்பக்கம் ஒரு சிறிய டிராகன் இணையும், பல நிற இறகுகொண்ட காட்டுக்கோழியும்.

முழங்கால் அளவில் நான்கு. முன்னோர் வழிபாட்டுக் கிண்ணங்கள் இரண்டு, ஒன்றில் புலி, ஒன்றில் குரங்கு; இரண்டும் சேர்ந்து ஒரே சின்னம். நீர்ப்பாசி, தீ, தினை மணிகள். தினைக்கு விளக்கம் தேவையில்லை, சோறு போடுவது அரசனின் முதல் வேலை. பாசி தூய்மைக்கு, தீ ஒளிக்கு.

பன்னிரண்டும் இருக்கிறது என்று உடனே மயங்கிவிடக் கூடாது. சின்னம் எதன் மேல் தைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். முதலிலேயே திட்டமிட்டிருந்தால், மேகங்கள் விலகி அதற்கு இடம் விட்டிருக்கும். மேகத்தின் மேலேயே சூரியன் ஏறி உட்கார்ந்திருந்தால், அல்லது அந்த நூலின் நிறம் மட்டும் சுற்றியிருப்பதைவிடப் புதிதாகத் தெரிந்தால், பிற்காலத்தில் யாரோ விலையை உயர்த்தச் சேர்த்தது என்று சந்தேகப்படலாம்.

மீதிக் குட்டிச் சின்னங்கள் யாருக்கும் பொது. பௌத்தத்தின் எட்டு மங்கலப் பொருள்கள்: சக்கரம், சங்கு, குடை, விதானம், தாமரை, கலசம், இரட்டை மீன், முடிவில்லாத முடிச்சு. தாவோ சமயத்து எட்டுச் சித்தர்கள் நேரில் வராமல் தங்கள் பொருள்களை அனுப்பியிருப்பார்கள்: விசிறி, வாள், சுரைக்குடுவை, தாளக்கட்டை, பூக்கூடை, மூங்கில் முரசு, குழல், தாமரை. வௌவால் ஏன் இத்தனை என்று கேட்பீர்கள். சீனத்தில் வௌவாலுக்கும் நற்பேறுக்கும் ஒலி ஒன்று, 'ஃபூ'. சிவப்பு வௌவால் என்றால் அளவற்ற பேறு. பீச் பழமும் நீளாயுளைக் குறிக்கும் வட்ட எழுத்தும் கூடவே வரும். பிறந்தநாள் விழாவுக்குத் தைத்த உடையில் இவை தாராளமாக இருக்கும்.

படி 7: மார்புச் சதுரம்

கருநீல மேலங்கியின் மார்பிலும் முதுகிலும் தைக்கும் சதுரப் பட்டைதான் ஒருவரின் பதவியைச் சபைக்கு அறிவித்தது. 1391இல் மிங் அரசு தொடங்கிய வழக்கம் இது, 1652இல் சிங் அரசு தன் விதியாக்கிக்கொண்டது. குடிமை அதிகாரிக்குப் பறவை, படை அதிகாரிக்கு விலங்கு. பறவைகளின் வரிசை: நாரை, பொற்காட்டுக்கோழி, மயில், காட்டு வாத்து, வெள்ளிக் காட்டுக்கோழி, வெண்கொக்கு, மாண்டரின் வாத்து, காடை, நீள்வால் ஈப்பிடிப்பான். விலங்குகளில் முதலிடம் சிலின் என்ற கற்பனை விலங்குக்கு, அடுத்து சிங்கம், சிறுத்தை, புலி, கரடி என்று இறங்கும். அரச குலத்தின் உயர்நிலை இளவரசர்களுக்குச் சதுரம் கிடையாது, டிராகன் போட்ட வட்டம்.

முன்பக்கச் சதுரம் நடுவில் இரண்டாகப் பிளந்திருந்தால் அது சிங் காலத்தது, ஏனென்றால் மேலங்கி முன்பக்கம் திறப்பது. மூலையில் சிவப்பாக ஒரு சூரியன் இருக்கும், பறவை அதை நோக்கித்தான் பார்க்கும். மனைவியின் சதுரத்தில் பறவை எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும்போது பறவைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும்.

கடைசிக் காலத்தில் அரசே பதவிகளை விற்றது. அப்போதைய சதுரங்கள் சிலவற்றில் பின்னணி முழுவதும் தைத்து முடித்து, பறவையைத் தனியாகச் செய்து மேலே ஒட்டித் தைத்திருப்பார்கள். பதவி உயர்ந்தால் பறவையை மட்டும் மாற்றினால் போதும். புதிதாகச் சேகரிக்க நினைப்பவர்கள் முழு அங்கியில் கைவைக்காமல் இந்தச் சதுரங்களிலிருந்து தொடங்குவது நல்லது. கையடக்கமானவை, விலை குறைவு, பழகிக்கொள்ள நிறைய கிடைக்கும்.

படி 8: நூலும் தையலும்

ஒரு நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடி தேவை. முதலில் பார்க்க வேண்டியது தங்கநூல். காஞ்சிபுரம் சரிகையில் பட்டிழையின் மேல் வெள்ளி இழை சுற்றித் தங்க முலாம் பூசியிருப்பார்கள். சீனத் தங்கநூலில் பெரும்பாலும் தங்கத்தாள் ஒட்டிய மெல்லிய காகித நாடாதான் பட்டிழையைச் சுற்றியிருக்கும். அதனால் துணிக்குள் ஊசியால் இழுத்தால் உரிந்துவிடும். நூலை இரண்டிரண்டாக மேலே கிடத்தி, இடைவெளி விட்டுச் சன்னமான பட்டுநூலால் பிடித்துத் தைப்பார்கள். தேய்ந்த இடங்களில் காகிதம் உதிர்ந்து உள்ளிழை தெரிவது பழையதற்கு இயல்பு. ஒரு தேய்மானமும் இல்லாமல் வெள்ளித்தாள் போல மினுங்கினால் யோசியுங்கள்.

வண்ணப் பகுதிகள் பெரும்பாலும் நெருக்கமாக நிரப்பும் சாட்டின் தையல். பூக்களில் மணி மணியாக முடிச்சுத் தையல் வரும். அந்த முடிச்சுகளைத் தைத்துத் தைத்துப் பெண்கள் குருடானதால் அரசு தடைவிதித்தது என்று ஒரு கதை கடைதோறும் சொல்வார்கள். நம்ப வேண்டாம்.

சில அங்கிகளில் தையலே இருக்காது. கெஸி என்ற முறையில் உருவத்தையே தறியில் நெய்துவிடுவார்கள். ஒரு நிறம் முடியும் இடத்தில் ஊடைநூல் திரும்பிவிடுவதால், இரண்டு நிறங்களுக்கு நடுவே மயிரிழை அளவு பிளவு விழும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தெரியும். பிந்தைய கெஸியில் நுண்விவரங்களை நெய்யாமல் தூரிகையால் வரைந்துவிட்டதும் உண்டு, அது வேலையைக் குறைக்கும் வழி. அரசவைக்கான துணிகள் நான்சிங், சூசோ, ஹாங்சோ என்ற மூன்று ஊர்களின் அரசுப் பட்டறைகளிலிருந்து பெய்ஜிங் போயின. பூவேலைக்கும் கெஸிக்கும் சூசோ பேர்போனது. நான்சிங்கின் ஜரிகைநெசவை யுனெஸ்கோ 2009இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

சாயம் ஒரு நல்ல சாட்சி. இங்கிலாந்தில் வில்லியம் பெர்கின் முதல் செயற்கை ஊதாச்சாயத்தைக் கண்டது 1856இல். சீனப் பட்டில் இத்தகைய சாயங்கள் பரவியது 1870களை ஒட்டி. அந்தக் கூசும் ஊதா தெரிகிற அங்கியை "சியென்லோங் காலத்தது" என்று யாராவது சொன்னால், நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்.

படி 9: அங்கி மாதிரி இருப்பவை

பெய்ஜிங் இசைநாடகத்தின் உடையும் டிராகன் நிறைந்ததுதான். வட்டக் கழுத்து, அகன்ற கை, கைநுனியில் தொங்கும் வெள்ளைத் துணி, தூரத்திலிருந்து தெரியவேண்டிய பெரிய டிராகன், தடித்த தங்கநூல் என்று மிங் வெட்டை ஒட்டியிருக்கும். குதிரைக் குளம்பு இருக்காது. தாவோ பூசாரிகளின் அங்கி விரித்தால் சதுரமாகும், முதுகில்தான் அதன் படம்.

திபெத்துக்குப் பரிசாகவும் வணிகமாகவும் போன டிராகன் பட்டுகள் அங்கே பிரிக்கப்பட்டு, திபெத்தியப் பாணியில் மறுபடி தைக்கப்பட்டன. தையல்கோடு டிராகனின் முகத்தை வெட்டிக்கொண்டு போவதிலிருந்து தெரியும். இதைக் குறையாக நினைக்கவேண்டாம், அதற்கென்று ஒரு வரலாறு இருக்கிறது.

1912 பிப்ரவரியில் பேரரசர் பூயி பதவி துறந்த பிறகு, இந்த உடைகளை அணியக் காரணமே இல்லாமல் போயிற்று. பழைய குடும்பங்கள் விற்றன. வெளிநாட்டவர் வாங்கி மெத்தை உறையாகவும் பியானோ விரிப்பாகவும் மாலைநேர மேற்சட்டையாகவும் வெட்டினார்கள். கழுத்துப்பட்டையும் கைமுனையும் மாற்றப்பட்ட அங்கிகள் சர்வசாதாரணம். அவை வேறொரு அங்கியிலிருந்து வந்தவையா என்று நூலின் நிறத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 10: பழகவும், வாங்கவும், வைத்துக்கொள்ளவும்

கண் பழகப் பணம் வேண்டாம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமும் தங்கள் அங்கிகளின் படங்களை இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கும்படி வைத்திருக்கின்றன. அவற்றில் 18ஆம் நூற்றாண்டு ஒன்றும் 19ஆம் நூற்றாண்டுக் கடைசி ஒன்றும் எடுத்துப் பக்கம் பக்கமாக வைத்துக் கீழ்விளிம்பை மட்டும் ஒப்பிடுங்கள். டொரான்டோவின் ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகத்திலும் நல்ல தொகுப்பு உண்டு. ஊற்றுக்கண் பெய்ஜிங்கின் அரண்மனை அருங்காட்சியகம்தான். பூயியை அரண்மனையிலிருந்து வெளியேற்றிய மறு ஆண்டு, 1925இல் திறக்கப்பட்டது.

வாங்குவதானால் பொருள் எப்போது சீனாவை விட்டு வெளியேறியது என்பதற்கான தாள்களைக் கேளுங்கள். 1911 வரையிலான, மதிப்புள்ள கலைப்பொருள்கள் நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது என்பது இன்றைய சீன விதி. பழைய ஏலப் பட்டியலோ குடும்பப் புகைப்படமோ இருந்தால் அதையும் சேர்த்து வாங்குங்கள். தாள் இல்லாத "பேரரசர் அங்கி"யைவிட, தாளோடு வரும் ஆறாம் நிலை வெண்கொக்குச் சதுரம் எவ்வளவோ மேல்.

வீட்டில் வைப்பதானால் ஆணியில் மாட்டாதீர்கள், தங்கநூலின் கனமே தோள்பட்டையைக் கிழித்துவிடும். விரித்துப் படுக்கவைப்பதுதான் சரி. இடமில்லாமல் மடிக்க நேர்ந்தால், மடிப்புக்குள் அமிலமற்ற தாளைச் சுருட்டி வைத்து மடிப்புக்கோடு கூராக விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தைப் பூட்டிவைக்கும், துவைத்த பருத்தித் துணியால் மூடுவது மேல். அந்துருண்டை துணியில் படக்கூடாது. வெயிலும் பிரகாசமான விளக்கும் ஆகாது, அருங்காட்சியகங்கள் பட்டுக்கு 50 லக்ஸ் அளவு வெளிச்சத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. துவைப்பது, உலர்சலவைக்குப் போடுவது, இஸ்திரி போடுவது மூன்றும் கூடாது. கறையிருந்தால் இருக்கட்டும், துணிப் பாதுகாப்பு வல்லுநர் ஒருவர் பார்க்கும் வரை அதில் கைவைக்க வேண்டாம்.